அரைச் சுற்று

தர்மபுரியில் ஹயாத் பாஷா என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். மிஷின் பாய் என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். சைக்ளோஸ்டைல் மிஷினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். சேலத்திலிருந்து ஆள் வரவழைத்தால் பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுத்து, போதாததற்கு அவனுடைய அலட்டலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மிஷின் பாய்க்கு ஒரு தபால் கார்டு போட்டால் போதும்.

மெழுகுத்தாளில் டைப் அடித்து, அதை மிஷினின் டிரம்மில் மாட்டி, மையை ஊற்றிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு பிரதி வந்து விழும். அறுபத்தைந்தில் மாவட்டம் தனியாகப் பிரிந்ததும் புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்தான் புதிது, உள்ளே வந்த மிஷின்கள் எல்லாம் எங்கேயோ ஓடித் தேய்ந்தவை. தாள் இழுக்கும் ரப்பர் வழுக்கையாகியிருக்கும். கைப்பிடி சுற்றினால் டிரம் ஒரு யோசனை செய்துவிட்டுத்தான் நகரும். ஹயாத் பாஷா சைக்கிள் டியூபை வெட்டி ரப்பராகச் சுற்றுவார், டால்டா டப்பாத் தகட்டைக் கத்தரித்து ஆடுகிற இடத்தில் செருகுவார். கிழவிக்குப் பல் கட்டின மாதிரி மிஷின் மறுபடி மெல்ல ஆரம்பித்துவிடும்.

மனிதருக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. அவருடைய ஸ்குரு டிரைவரை யாராவது தொட்டால் அன்றைக்கு வேலை நடக்காது. அவருடைய மனைவி வஹிதா மட்டும்தான் அதைத் தொடுவாள், தேங்காய்ச் சில்லு பெயர்க்க. அதற்காக வீட்டில் நடக்காத சண்டை இல்லை. அறுபத்தெட்டில் வஹிதா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு ஸ்குரு டிரைவர் வைத்த இடத்திலேயே இருந்தது, அதைப் பார்க்கத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

வாணியம்பாடியில் இருந்த தங்கை ஷகிலா, “வந்து எங்க வூட்லயே இருண்ணா” என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மச்சான் வீட்டுச் சோற்றுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் நாலு பேர் சலாம் சொல்வார்கள், சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேலை இல்லாத நாளில் சாயந்திரம் டீக்கடையில் “ஒரு டீ” என்று சொல்லும்போதுதான் அன்றைக்கு முதல் பேச்சு வாயிலிருந்து வரும். தொண்டை கட்டிக்கொண்டு அது அவருக்கே வேறு யாரோ பேசுவது போல் கேட்கும். டீக்கடைக்காரன், “சளியா பாய்?” என்பான். ஆமாம் என்று தலையை ஆட்டிவிடுவார்.

அரூரில் ஓர் அரசாங்க ஆபீஸ். எந்த ஆபீஸ் என்று கேட்க வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அங்கே மிஷினைச் சுற்றுகிற ஆபரேட்டர் சவுரியப்பன். ஆபீசின் கடைசியில், பழைய கட்டுகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில், மை ரூம் என்று ஒரு பொந்து. கதவு, சுவர், பானை, சவுரியப்பனின் விரல் நகம், எல்லாவற்றிலும் மை. வெள்ளைச் சட்டைக் குமாஸ்தாக்கள் படிக்கு இந்தப் பக்கமே நின்று மெழுகுத்தாளை நீட்டுவார்கள், பிரதியை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். சவுரியப்பனுக்கும் மனைவி இல்லை. ஒரே மகன் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. இவர் இங்கே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தார்.

அந்தப் பொந்துக்குள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரே மனிதர் ஹயாத் பாஷாதான். மிஷினைப் பிரிக்கப் பாதி நாள், பூட்டப் பாதி நாள். நடுவில் சாப்பாடு. சவுரியப்பன் தூக்குவாளியைத் திறந்து களி உருண்டையை இரண்டாகக் கிள்ளி, கீரைக் கடைசலைக் குழியில் ஊற்றி, “மொதல்ல சாப்புடுங்க பாய், மிஷின் எங்கியும் ஓடிப்போயிடாது” என்பார். ஹயாத் பாஷா தர்மபுரியில் பஸ் ஏறும்போதே வாங்கிய வர்க்கிப் பொட்டலத்தை அவிழ்ப்பார். சாப்பிடும்போது மிஷினைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சவுரியப்பன் போட்ட சட்டம். தீர்த்தமலைத் திருவிழாவில் தன் செருப்பைக் குரங்கு தூக்கிக்கொண்டு போன கதையை அவர் குறைந்தது பதினைந்து தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் குரங்கு கொஞ்சம் பெரிதாகும். கடைசியில் அது ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. ஹயாத் பாஷா ஒவ்வொரு தடவையும் சிரித்தார். கதைக்காக இல்லை. ஒரு மனிதர் தன்னை உட்காரவைத்துக் கதை சொல்கிறாரே என்ற சந்தோஷம்தான்.

வேலை முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. ‘எல்லாப் பாகங்களும் இறுக்கப்பட்டு மிஷின் நல்ல நிலையில் உள்ளது’ என்று ரிஜிஸ்டரில் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். தலைமைக் குமாஸ்தா மாதேஸ்வரன் அதன் கீழ் பச்சை மையில் ஒரு கோழிக் கிறுக்கல் போடுவார். அடுத்த பழுது வந்தால் சவுரியப்பன் வாயால் சொல்வார், மாதேஸ்வரன் குறிப்பு எழுதுவார், ஆபீசர் கையெழுத்துப் போடுவார், அப்புறம்தான் தபால் கார்டு கிளம்பும். இவ்வளவும் நடந்தால்தான் ஹயாத் பாஷா அரூர் பஸ்ஸில் ஏறலாம். சும்மா போய் நின்றால், “என்ன பாய், எங்க வந்தீங்க?” என்று மாதேஸ்வரன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் ஹயாத் பாஷா.

வஹிதா போன அடுத்த வருஷம், ஏதோ யோசனையில் ஒரு நட்டை முழுக்க இறுக்காமல் விட்டுவிட்டார். தாளை டிரம்மோடு அழுத்துகிற ரோலர் ஒன்று உண்டு. அதைத் தாங்கும் இரும்புக் கையின் நட்டு அது. அரைச் சுற்று பாக்கி. பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. ஓட ஓட நட்டு தளரும், லொடலொடவென்று சத்தம் வரும், பிரதியின் இடது பக்கம் வெளுக்கும். ஆபரேட்டர் நிறுத்திவிடுவார். இருபத்தைந்தாம் நாள் கார்டு வந்தது. போனார். களி தின்றார். குரங்குக் கதை கேட்டார். திரும்பி வரும்போது மொரப்பூர் ரயில்வே கேட்டில் பஸ் அரை மணி நேரம் நின்றது, வழக்கமாக டிரைவரைத் திட்டுகிறவர் அன்றைக்குத் திட்டவில்லை.

அடுத்த தடவை அரைச் சுற்றைத் தெரிந்தே விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்த கதைதான், சந்தேகம் இல்லை. ஆனால் மேய்ந்த வேலிக்கும் ஒரு கணக்கு இருந்தது. அரைச் சுற்று விட்டால் இரண்டாயிரம் பிரதி தாங்கும், அந்த ஆபீசுக்கு இரண்டாயிரம் பிரதி ஒரு மாத வேலை. கால் சுற்று என்றால் இரண்டு மாதம். கையில் அப்படி ஒரு அளவு அவருக்கு. ரம்ஜான் மாதம் நடுவில் வந்தால் கால் சுற்று. நோன்போடு போனால் களியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும், சவுரியப்பனும் பட்டினி கிடப்பார். மற்ற மாதங்களில் அரைச் சுற்று. வேறு எந்த ஆபீசிலும் அவர் இப்படிச் செய்ததில்லை. பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் அவர் இறுக்கிய நட்டை அவிழ்க்க யானைதான் வர வேண்டும்.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. எழுபத்து நான்கில் அந்தப் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகள் வறண்டு, எந்த ஊருக்குக் கஞ்சி, எந்த ஊருக்கு ரோடு வேலை என்று ஆபீஸ் ராப்பகலாகப் பட்டியல் போட ஆரம்பித்தது. மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வெள்ளிக்கிழமை காலையில் வருகிறார், இருபத்திரண்டு பக்கப் பட்டியல் நூற்றிருபது பிரதி அவர் மேஜைமேல் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஹயாத் பாஷா அரைச் சுற்று விட்டுவிட்டுப் போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்கென்று அவர் போட்ட கணக்கை மிஷின் இரண்டே நாளில் தின்று தீர்த்தது.

வியாழக்கிழமை மத்தியானமே சத்தம் வந்துவிட்டது. இடது பக்கம் வெளுத்தது. சவுரியப்பன் கையை எடுத்தார். பக்கத்திலேயே நின்ற மாதேஸ்வரன், “வெளுத்தா வெளுக்கட்டும், சுத்துய்யா, படிக்க முடியுதில்ல” என்று விரட்டினார். சுற்றினார். பதினேழாம் பக்கத்தில் நட்டு கழன்று விழுந்தது. இரும்புக் கை சாய்ந்து ரோலர் குறுக்கே மாட்டி டிரம் நசுங்கியது, மை வழிந்து அச்சடித்து அடுக்கியிருந்த தாள் எல்லாம் கறுப்பானது. பெரிய அதிகாரி வெள்ளிக்கிழமை வெறும் மேஜையைப் பார்த்தார். அவர் ஆபீசரைத் திட்டினார், ஆபீசர் மாதேஸ்வரனைத் திட்டினார், மாதேஸ்வரனுக்குக் கீழே இருந்தது சவுரியப்பன்.

அரசாங்கச் சொத்தைக் கவனக்குறைவால் சேதப்படுத்தியதாக சவுரியப்பனுக்கு சார்ஜ் மெமோ கொடுத்தார்கள். அவர் ரிடையர் ஆக எட்டு மாதம் இருந்தது. சார்ஜ் நிலுவையில் இருந்தால் ரிடையர் ஆக விடமாட்டார்கள், நிரூபணம் ஆகிவிட்டால் பென்ஷனும் போகும். இருபத்தாறு வருஷம் கைப்பிடி சுற்றிய கைக்கு மிச்சம் அது ஒன்றுதான்.

ஹயாத் பாஷாவுக்குத் தபால் கார்டு வந்தது. ‘மிஷின் பழுது. நேரில் வந்து எழுத்து மூலம் அறிக்கை தரவும்.’ வர்க்கிப் பொட்டலத்தோடுதான் போனார். மை ரூமில் மிஷின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மைத் தட்டில் அந்த நட்டு கிடந்தது. அதை எடுத்துத் துடைத்துவிட்டு அங்கேயே வைத்தார். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சவுரியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூக்கு திறக்கப்படவே இல்லை.

“சாப்புடலீங்களாண்ணா?”

“எறங்கலீங்க பாய். பத்து நாளா இப்படித்தான்.”

அதற்குமேல் பேச விடாமல் பியூன் வந்து கூப்பிட்டான். ஆபீசர் அறையில் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. மாதேஸ்வரன் விரலை வைத்துக் காட்டினார்.

“பாருங்க சார், பாயே எழுதியிருக்கறாரு. எல்லாப் பாகமும் இறுக்கியிருக்குது, நல்லா இருக்குதுன்னு. ஆறே நாள்ல நட்டு கழண்டுதுன்னா, சுத்துனவன் மேலதான தப்பு? பாய், ஆபரேட்டரு முரட்டுத்தனமா சுத்துனதுதான் காரணம்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் வராது.”

ஒன்றும் வராதுதான். அதுதான் கொடுமை. இரண்டு வரி எழுதினால் அவர் பேருக்குப் பழுது இல்லை, மாவட்டம் பூராவும் கார்டு வந்துகொண்டிருக்கும். மிஷின் பழசு, தேய்ந்துவிட்டது என்று மழுப்பலாமா என்றும் ஒரு நிமிஷம் பார்த்தார். தேய்ந்திருந்தால், நட்டு கழல ஆறு நாள் முன்னால் நல்ல நிலை என்று எழுதிய கை யாருடையது? அவர் கையெழுத்தே அவர் வாயை அடைத்தது. அறை வாசலில் சவுரியப்பன் வந்து நின்றிருந்தார். கூப்பிடாமல் உள்ளே வரத் தைரியம் இல்லை.

“கொஞ்சம் தண்ணி வேணுங்க” என்றார் ஹயாத் பாஷா. குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்.

“அவரு மேல தப்பில்லீங்க. நட்டை நான்தான் முழுசா இறுக்கலை.”

“மறந்துட்டீங்களா?” என்றார் ஆபீசர்.

மறதி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் ஐந்து வருஷமாக அநேகமாக மாதா மாதம் அதே நட்டுக்குக் கார்டு போயிருப்பது ரிஜிஸ்டரிலேயே இருந்தது. மாதேஸ்வரன் சும்மா இருப்பாரா? பக்கத்தைப் பின்னால் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். அவர் முகம் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது.

“சார், இது மறதி இல்லீங்க. ஒவ்வொரு மாசமும் இதே நட்டுதான்!”

ஆபீசர் நாற்காலியில் நிமிர்ந்தார். “வேணும்னேதான் விட்டீங்களா? எதுக்கு? மாசா மாசம் பில் போடலாம்னா? காசுக்குத்தானே?”

ஹயாத் பாஷா தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொல்வது? ஐயா, எனக்குப் பேச ஆள் இல்லை, இங்கே ஒருவர் களியைப் பாதி கிள்ளித் தருகிறார், அதற்காகத்தான் என்று நாற்பத்தேழு வயது ஆம்பிளை, நாலு பேர் நிற்கிற அறையில் எப்படிச் சொல்வான்? திருடன் என்ற பேரையாவது தூக்கிக்கொண்டு தெருவில் நடந்துவிடலாம், இதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது.

“ஆமாங்க. காசுக்குத்தான்” என்றார்.

அதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். சவுரியப்பனின் மெமோ ரத்தானது. மிஷினைக் கழித்துக் கட்டி ஏலத்துக்கு அனுப்பினார்கள். ஹயாத் பாஷா வெளியே வரும்போது சவுரியப்பன் வாசலில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் நிற்காமல் நடந்தார். வர்க்கிப் பொட்டலம் மை ரூமிலேயே கிடந்தது, அதை எடுக்கப் போக முகம் இல்லை.

ஊர் வாயை மூட உலை மூடி ஏது? மாதேஸ்வரனுக்கு எல்லா ஆபீசிலும் சிநேகிதர்கள் உண்டு. ஒரே மாதத்தில் மிஷின் பாய் நட்டுத் திருடன் ஆனார். பென்னாகரத்துக் கார்டு நின்றது, பாலக்கோட்டுக் கார்டு நின்றது. சேலத்திலிருந்து அலட்டல்காரனே வர ஆரம்பித்தான். ஹயாத் பாஷா ஸ்டவ்வுக்கும் பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கும் இறங்கி வந்தார். ஒருவர் வயிற்றுக்கு அது போதும். ஆனால் ஸ்டவ் கொண்டுவருகிற பெண்கள் வாசலில் வைத்துவிட்டு, “சாயந்திரம் வர்றங்க பாய்” என்று போய்விடுவார்கள். தபால்காரர் அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வேலை போனது அவரை அவ்வளவாக வாட்டவில்லை. சவுரியப்பன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்பதுதான் அரித்தது. ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவன் காசுக்காக என் பென்ஷனில் கை வைத்தானே என்றுதானே நினைப்பார்? நினைக்கட்டும், நியாயம்தானே என்று பகலில் தோன்றும். சோற்றில் கை வைக்கும்போது அந்த நியாயம் எல்லாம் தொண்டையில் நிற்கும். இரண்டு தடவை அரூர் பஸ் வரைக்கும் போனார். எந்த முகத்தோடு போவது, என்ன வேலை என்று போவது என்று திரும்பிவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து ஒரு கார்டு வந்தது. டைப் அடித்தது இல்லை, முதல் தடவையாகக் கையால் எழுதியது. ரிடையர் ஆகிவிட்டேன், தங்கவயலுக்கு மகனிடம் ஒரேயடியாகப் போகிறேன், புதன்கிழமை மொரப்பூரில் பகல் வண்டி, முடிந்தால் வரவும், இப்படிக்கு சவுரியப்பன்.

போனார். பிளாட்பாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டை, சவுரியப்பன். நகத்தில் இப்போது மை இல்லை, அதனால் யாரோ மாதிரி இருந்தார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டி வருகிற திசையைப் பார்த்தார்கள். சிக்னல் கைகாட்டி இறங்கியதும் சவுரியப்பன் கேட்டார்.

“அன்னிக்குக் காசுக்குன்னு சொன்னீங்களே பாய், எதுக்குச் சொன்னீங்க?”

“வேற என்னத்தச் சொல்றதுண்ணா?”

“நட்டு அரைச் சுத்து லூசுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? இருவத்தாறு வருசம் அந்தக் கைப்பிடியச் சுத்துனவன் நானு. நீங்க பஸ் ஏறுன மறுநாளே கையில தெரிஞ்சிரும். என் சைக்கிள் ஸ்பேனரு அதுக்குச் சரியா இருந்துச்சு. ஒரு தடவை மாட்டிக்கூடப் பாத்தேன்.”

ஹயாத் பாஷா அவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்புறம் ஏன் இறுக்கலை?”

“இறுக்கிட்டா நீங்க எப்படி வருவீங்க?”

வண்டி வந்து நின்றது. பெட்டியையும் மூட்டையையும் ஏற்றினார்கள். சவுரியப்பன் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

“அன்னிக்கு வாசல்ல நின்னு எல்லாத்தியும் கேட்டேன் பாய். நானும் தெரிஞ்சுதான் உட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். பென்சன் போயிருமேன்னு வாயி வரலை. அப்புறம் வெக்கம். ஒங்க வூட்டுக்கு வரலாம்னு மூணு தடவ பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். என்னா வேலைன்னு சொல்லிக்கிட்டு வர்றதுன்னு திரும்பிட்டேன்.”

“நானும்” என்றார் ஹயாத் பாஷா. “நான் ரெண்டு தடவை.”

வேறு நிறையச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வண்டி நகர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தார், பிளாட்பாரம் முடிந்த இடத்தில் நின்றார். தங்கவயலுக்கு ஒரு தடவை வாங்க என்று சவுரியப்பன் கத்தியது கேட்டது. வருகிறேன் என்று கையை ஆட்டினார். எந்த மிஷினைச் சொல்லிக்கொண்டு அவ்வளவு தூரம் போவார்?

ஸ்டேஷனுக்கு வெளியே அரூரிலிருந்து வந்த பஸ் தர்மபுரிக்குப் புறப்படத் தயாராக நின்றது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அரூருக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரப் பயணம், காலையிலிருந்து சாயந்திரம் வரை பஸ் இருந்தது, வருஷம் முழுக்க இருந்தது. அதில் ஏறுவதற்கு எந்த ஆபீசரின் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டான். அவர் காசை மட்டும் நீட்டினார்.